கழுதைப்பாலும் கோரோசனையும் சிட்டுக்குருவி லேகியமும்



பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டைக் கழுதைப்பால் விற்பவர் எப்படியோ தெரிந்துகொண்டு விடுவார். கொடியில் காயும் சின்னத் துணிகளே அவருக்கு அடையாளம். வாசலில் கழுதையை நிறுத்திக் கண்ணெதிரே கறந்து, ஒரு சங்குக்கு ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கேட்பார். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். "புள்ளைக்கு ஒரு சங்கு ஊத்திப்புட்டா செவ்வாப்பு வராது, மஞ்சக்காமாலை அண்டாது, குரலும் கணீர்னு இருக்கும்" என்பார். பெற்றவள் தயங்குவாள். தாய்ப்பால் தவிர வேறொன்றும் கொடுக்காதே என்று நர்சம்மா சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் பெரியவர்களை எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வராது. கணவரோ, "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

இந்தச் சிறு ஏடு அந்தக் கணவருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. பூதலூர் வட்டாரத்துக் குடும்பங்களில் ஆடு, மாடு, கழுதை, கோழி, நத்தை, உடும்பு, குருவி என்று பிராணிகளை வைத்துச் செய்யும் கைவைத்தியம் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் சில நல்ல ஆகாரம். சிலவற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சில உயிருக்கே உலை வைப்பவை. எது எந்த வகை என்று கணவனும் மனைவியும் சேர்ந்து தெரிந்துகொண்டால்தான், வாசலில் சங்கு வந்து நிற்கும்போது பதில் சொல்ல முடியும்.

நாட்டு வைத்தியம் முழுவதும் வீண் என்று சொல்ல இதை எழுதவில்லை. நம் தஞ்சாவூரை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் 'தன்வந்திரி மகால்' என்று ஒரு வைத்தியசாலையே நடத்தினார். மனிதருக்கும் கால்நடைக்கும் அங்கே மருந்து செய்தார்கள். நாட்டு வைத்தியர்களும் மேல்நாட்டு முறை கற்றவர்களும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். கண் நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சை பற்றி எழுதிவைத்த குறிப்புகள் இன்றும் சரசுவதி மகாலில் இருக்கின்றன. யாருக்கு, என்ன நோய்க்கு, என்ன செய்தோம், பிறகு என்ன ஆயிற்று என்று எழுதிப் பார்க்கிற பழக்கம் நம் ஊரில் இருநூறு வருஷமாக உண்டு. அதே கேள்வியைத்தான் இங்கே ஒவ்வொரு மருந்திடமும் கேட்கப் போகிறோம்.

குழந்தையின் வாய்க்கு முதலில் போவது

கழுதைப்பாலில் விஷம் எதுவும் இல்லை. சர்க்கரைச் சத்திலும் புரதத்திலும் அது பசும்பாலைவிடத் தாய்ப்பாலுக்கு நெருக்கமானது என்பதும் உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து அநாதைக் குழந்தை ஆஸ்பத்திரி ஒன்றில், தாயில்லாத சிசுக்களைக் கழுதையின் மடியிலேயே வாய் வைத்துக் குடிக்கச் செய்தார்கள். புட்டியைச் சுத்தமாக வைக்கத் தெரியாத காலம் அது. அங்கே தாய் இல்லை, அதனால் கழுதையைத் தேடினார்கள். இங்கே தாய் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

கழுதைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான். தாய்ப்பாலிலோ மூன்றரை முதல் நான்கு பங்கு வரை இருக்கிறது. குழந்தைக்கு எடை ஏற வேண்டியது அந்தக் கொழுப்பினால்தான். அதைவிடப் பெரிய சங்கதி சுத்தம். தெருவில் நடந்து வந்த கழுதை, கழுவாத மடி, பல வீடு பார்த்த சங்கு. காய்ச்சினால் குணம் போய்விடும் என்று சொல்லிப் பச்சையாகவே ஊற்றுகிறார்கள். பிறந்து சில நாளான குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர இது தாராளமாகப் போதும். முதல் நாளில் அதன் இரைப்பை ஒரு கோலிக்குண்டு அளவுதான் கொள்ளும். அதில் ஒரு சங்கை மளமளவென்று கவிழ்த்தால் புரையேறிப் பால் மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும்.

அப்படியானால் மஞ்சள்காமாலை எப்படிப் போயிற்று என்று பாட்டி கேட்பார். நியாயமான கேள்வி. பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு உடம்பு லேசாக மஞ்சள் பூக்கும். ஈரல் வேலைக்குப் பழகும் வரை அப்படித்தான். தாய்ப்பால் நன்றாகக் குடித்து மலம் கழியக் கழிய, ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானே மறையும். நடுவில் யாராவது கழுதைப்பால் ஊற்றியிருந்தால் பெயர் கழுதைக்குப் போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

ஆனால் எல்லா மஞ்சளும் தானே மறைவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு தூங்கினால், மலம் வெளுத்துப் போனால், இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி போயாக வேண்டும். இரத்தத்தில் அந்த மஞ்சள் நிறமி அளவு மீறினால் மூளைக்குள் இறங்கிவிடும். பிறகு பிள்ளை பிழைத்தாலும் காது கேட்காமலோ, கைகால் ஒழுங்காக இயங்காமலோ போகலாம். இதற்கு வைத்தியம் நீல விளக்கு வெளிச்சத்தில் குழந்தையைப் படுக்க வைப்பது. தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனை போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் செய்கிறார்கள். கழுதைப்பால் ஊற்றிவிட்டு "நாலு நாள் பார்ப்போம்" என்று இருப்பதில்தான் அபாயம். பால் கெடுத்தது பாதி என்றால், அந்த நாலு நாள் கெடுத்தது மீதி.

இன்னொன்று. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்த கழுதைகள், 2019 கணக்கெடுப்பில் சுமார் 1.2 லட்சமாகக் குறைந்துவிட்டன. கழுதை குறையக் குறைய பாலுக்கு விலை ஏறும். விலை ஏறியதால் அது மருந்தாகிவிடாது.

பசு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறோம். அதே வீட்டில் பிள்ளை பெற்றவளின் சீம்பாலை, மஞ்சளாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறோம். மாட்டின் சீம்பாலுக்கு இருக்கிற மரியாதை மருமகளின் சீம்பாலுக்கு இல்லை! பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை குடிக்க வேண்டியது அந்தப் பால்தான். நோய் எதிர்ப்புச் சக்தி அதில் நிறைந்திருக்கிறது. கழுதைப்பாலிடம் எதிர்பார்க்கிற காவல் உண்மையில் இங்கேதான் கிடைக்கிறது.

சேனை தொட்டு வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ குழந்தையின் நாக்கில் தடவினால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அன்பினால் செய்வதுதான். ஆனால் தேன் ஒரு வயது முடியும் வரை கூடாது. பெரியவர்களை ஒன்றும் செய்யாத ஒரு வகைக் கிருமியின் விதை தேனில் இருக்கலாம். குழந்தையின் குடலில் அது முளைத்து விஷம் கக்கினால் பிள்ளை அழச் சக்தியின்றி, தலை நிற்காமல், கைகால் தளர்ந்து, மூச்சுவிடவே திணறும். தாத்தா மடியில் வைத்து, பெயரைக் காதில் சொல்லி, நெற்றியில் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும். நாக்கில் மட்டும் எதுவும் வேண்டாம்.

கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் உண்டாகும் கல். எல்லா மாட்டிலும் அது இருக்காது. அபூர்வமாகக் கிடைப்பதால் சீனாவில் மிக அதிக விலைக்கு விற்கிறது. அப்படியிருக்க, சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரையில் உண்மையான கோரோசனை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கஸ்தூரியும் இப்படித்தான். கஸ்தூரி மான் இருப்பது இமயமலையில், அதைக் கொல்வது சட்டப்படி குற்றம். இந்த மாத்திரைகளை உரைமருந்தோடு சேர்த்துத் தாய்ப்பாலில் குழைத்துப் புகட்டினால் சளி போகும், மாந்தம் வராது என்கிறார்கள். குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே குழி விழுந்தாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். உரைகல்லைக் கழுவுகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கு மேல் சித்த மருந்து கொடுக்க விருப்பமிருந்தால், படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். மருந்து விற்க வருகிறவர் சொல்வதைக் கேட்டுக் கொடுக்காதீர்கள்.

தொப்புள்கொடி: வெட்டுவது ஆஸ்பத்திரியில், விழுவது வீட்டில்

ஒரு காலத்தில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து, அரிவாளாலோ மூங்கில் சிம்பாலோ கொடியை அறுத்து, அதன்மேல் பசுஞ்சாணியோ சாணிச் சாம்பலோ வைத்தார்கள். சாணி நம் வாசலைத் தெளிக்கிறது, வீட்டை மெழுகுகிறது. அதனால் அது சுத்தம் என்று எண்ணிவிட்டோம். ஆனால் ரணஜன்னிக் கிருமி வசிப்பது மண்ணிலும் மாடு, குதிரை முதலியவற்றின் குடலிலும் சாணத்திலும்தான். கொடியின் பச்சைப் புண் அதற்குத் திறந்த கதவு. மூன்றாம் நாளிலிருந்து, பெரும்பாலும் ஏழாம் நாளையொட்டி, அதுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை சட்டென்று வாயைத் திறக்க முடியாமல் போகும். பிறகு உடம்பு வில்லாக வளைந்து இழுக்கும். பேய் பிடித்தது, காற்று பட்டது என்று மந்திரித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடும். நம் நாட்டில் மட்டுமல்ல, மாடு மேய்த்துப் பிழைக்கும் ஆப்பிரிக்க மசாய் மக்களிடமும் இதே வழக்கம் இருந்தது. அங்கும் சிசுக்கள் இப்படித்தான் மாண்டன.

கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, ஆஸ்பத்திரிப் பிரசவம் ஆகியவற்றால் இந்தக் கொடுமை ஒடுங்கியது. பச்சிளங்குழந்தை ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உறுதிசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இப்போது ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். அதனால் இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. கொடியை வெட்டுவது ஆஸ்பத்திரியில் என்றாலும், மீதிக் கொடி காய்ந்து விழ ஒன்றிரண்டு வாரம் ஆகும். அது விழுவது உங்கள் வீட்டில். மண்ணிலிருந்தும் மாட்டிடமிருந்தும் அந்தக் கிருமியை யாராலும் ஒழிக்க முடியாது. நம் கொல்லையில் இன்றும் அது இருக்கிறது.

எனவே கொடிமேல் சாணி, சாம்பல், விபூதி, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்திருக்கட்டும், காற்றுப் படட்டும். துணியைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் வந்தாலோ காட்டுங்கள். மாட்டுக்கொட்டகையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். தகப்பனாருக்கும் இது பொருந்தும்.

பிள்ளைத்தாய்ச்சிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும்

இந்தப் பக்கத்தில் நம் பாட்டிமார்களுக்குச் சபாஷ் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஆட்டுச் சுவரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். "இரத்தம் ஊறும்" என்று மாசமான பெண்ணுக்கு வாங்கி வந்து மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பது நல்ல வழக்கம். மண்ணீரலான அந்தச் சுவரொட்டியில் இரும்புச்சத்து ஈரலில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவின் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரிந்தது. பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் கூடுதலாகப் போனாலும் சோகை பிடித்த உடம்பு தாங்காது. ஆகவே வாரம் ஒருமுறை சுவரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். நன்றாக வேக வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஆனால் அது சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரைக்குப் பதில் ஆகாது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் கறி எங்கே, தினந்தோறும் 180 நாள் விழுங்க வேண்டிய மாத்திரை எங்கே! மாத்திரையைக் காப்பி, டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் சத்து சேராது. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடவும் வேண்டாம். முதல் மூன்று மாதம் ஈரலை மட்டும் அடிக்கடி சாப்பிடாமல் இருப்பது நல்லது. அதில் மிகுதியாக உள்ள ஏ வைட்டமின் கருவுக்கு ஆகாது.

பால் சுரக்க சுறாப்புட்டு செய்கிறார்கள். புரதம் நிறைந்த நல்ல ஆகாரம். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் சிறிய பால்சுறாவாக எப்போதாவது வாங்குங்கள். மற்ற நாளில் நெத்திலி, மத்தி போதும். உண்மையில் பால் ஊறச் செய்வது குழந்தையின் சப்பல்தான். அடிக்கடி மார்பில் போட்டால் பால் தானே பெருகும். தாய் வயிறார உண்ண வேண்டும், தாகம் தீரத் தண்ணீர் குடிக்க வேண்டும். பத்தியம் என்ற பெயரில் பெற்றவளுக்குத் தண்ணீர் மறுப்பது எந்த வைத்தியத்திலும் சேராது.

கர்ப்ப காலத்தில் மூலம் வந்தால் வயல் நத்தையைச் சமைத்துக் கொடுக்கிறார்கள். நத்தைக் கறியும் நல்ல புரதமே. மூலம் தணிவது நத்தையால் அல்ல, கீரை, பழம், தண்ணீர் இவற்றால் மலம் இளகுவதால்தான். பூச்சி மருந்து அடித்த வயலில் நத்தை பொறுக்க வேண்டாம். அரை வேக்காடு கூடவே கூடாது. ஏனென்று கீழே வருகிறது. ஜலதோஷத்துக்கு நண்டு ரசமா? தாராளமாக வைத்துக் குடியுங்கள்.

மசக்கை வாந்திக்கு மயிலிறகைச் சுட்டுச் சாம்பலாக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பதும் உண்டு. பச்சைத் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து, தலை சுற்றினால் சாம்பல் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலை அது.

ஆண்களிடம் ஒரு வார்த்தை

கல்யாணம் ஆகி ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகியும் மனைவி குளிக்காமல் இருக்கவில்லை என்றால் அவளைக் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறார்கள், அரசமரத்தைச் சுற்றச் சொல்கிறார்கள். கணவர் மட்டும் யாருக்கும் தெரியாமல், சந்தையில் ஒரு டப்பா சிட்டுக்குருவி லேகியம் வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு வருகிறார். ஆண்குருவி ஓயாமல் கூடுவதைப் பார்த்து, அதைத் தின்றால் அந்த வீரியம் நமக்கும் வரும் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மீனைத் தின்றவர் எல்லோரும் நீச்சல் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும் அல்லவா?

டப்பாவில் குருவி இருக்கிறதோ இல்லையோ, இருக்கக் கூடாத வேறொன்று இருக்கலாம். 'இயற்கை' என்று சொல்லி விற்கும் இப்படிப்பட்ட வீரிய மருந்துகளில், ஆங்கில மருந்தை அளவில்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் நடந்த சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கிறவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கி உயிருக்கே ஆபத்து.

உடும்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவோம். முதுகு பலப்படும், ஆண்மை கூடும் என்று அதன் இரத்தத்தைச் சூடு ஆறுமுன் குடிப்பதும், நாக்கைப் பச்சையாக விழுங்குவதும், தைலம் காய்ச்சுவதும் நடக்கின்றன. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு நுண்புழு எலிப்புழுக்கை வழியாக நத்தைக்குப் போகிறது. நத்தையைத் தின்ற உடும்புக்குப் போகிறது. அந்த உடும்பைப் பச்சையாகத் தின்ற மனிதனின் மூளைக்குப் போகிறது. தாங்க முடியாத தலைவலி, கழுத்துப் பிடிப்பு, நினைவு தப்புதல் என்று வந்து சேர்ந்தவர்களைப் பற்றிக் கேரளத்திலும் தாய்லாந்திலும் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். நத்தையை நன்றாக வேக வையுங்கள் என்று சொன்னதும் இதனால்தான். உடும்பைப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். வரப்பில் எலியையும் பாம்பு முட்டையையும் தின்று நமக்கு உதவுகிற பிராணி அது.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை இருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆண்மை வேறு, விந்தணுவின் எண்ணிக்கை வேறு. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் அணுக்கள் குறைவாக இருக்கலாம். வாலிப வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியவருக்கும், விரையில் நரம்பு புடைத்தவருக்கும், பீடி, சாராயம் விடாதவருக்கும் இப்படி ஆவதுண்டு. முதல் சோதனை மிக எளிது. இரண்டு முதல் ஏழு நாள் வரை சேராமல் இருந்து விந்தைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். கத்தி இல்லை, ஊசி இல்லை. மனைவியை எத்தனையோ சோதனைக்கு உட்படுத்துமுன் கணவர் இந்த ஒன்றைச் செய்துவிடுவதுதான் முறை. ஓர் அணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகையையும் குடியையும் இன்று விட்டால் பலன் மூன்றாம் மாதம் தெரியலாம். மூன்று நாளில் பலன் என்று எழுதிய டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரு வருஷம் சேர்ந்திருந்தும் கரு தங்காவிட்டால் டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள்.

கடிபட்டால்

நடவிலும் அறுப்பிலும் கால் வைக்கிற இடமெல்லாம் பாம்பு இருக்கும் பூமி நம்முடையது. 2000 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கடிவாயைக் கீறிக் கோழிக்குஞ்சின் ஆசனவாயை அதன்மேல் அழுத்தி, ஒவ்வொரு குஞ்சாகச் சாகச் சாக விஷம் இறங்குகிறது என்று எண்ணுவது ஒரு வைத்தியம். இறுக்கிப் பிடித்தால் குஞ்சு மூச்சு முட்டிச் சாகத்தான் செய்யும். விஷக்கல் ஒட்டுவது இன்னொன்று. அந்தக் கல் பெரும்பாலும் சுட்டெடுத்த மாட்டெலும்பு. எலும்பில் உள்ள நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் புண்ணில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பில் ஏறிவிட்ட விஷத்தை அதனால் இழுக்க முடியாது. "எத்தனையோ பேரு பொழைச்சாங்களே" என்பீர்கள். கடிக்கும் பாம்புகளில் பெரும்பாலானவைக்கு விஷம் இல்லை. விஷப்பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். கல் வைக்காமலே பிழைத்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

உண்மையான விஷமுறிவும் ஒரு பிராணியிடமிருந்தே வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் எதிர்ப்புச் சத்து உண்டாகிறது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்தால் அதுவே ஊசிமருந்து. தலைமுறை தலைமுறையாகப் பாம்பைத் தெரிந்துவைத்திருந்த இருளர்களின் அறிவும் குதிரையின் இரத்தமும் சேர்ந்து நம் அறுப்புக்காரர் ஒருவரைக் காப்பாற்றுகின்றன.

கடிபட்டவரை ஓடவிடாதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இன்னொருவர் கடி வாங்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று வலி, கண் இமை சரிவு, பேச்சுக் குழறல் என்றால் அதுவாகவும் இருக்கலாம் என்று சந்தேகியுங்கள்.

நாய்க்கடி ஊசி என்றதும் "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையத்திலும் முன்பு அப்படித்தான் செய்தார்கள். இந்தியாவில் அந்த வகையை 2005-க்குள் நிறுத்திவிட்டார்கள். இப்போது போடுவது கையில்தான், தொப்புளில் அல்ல. அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் கடித்த அன்றும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முன், கடித்தவுடனே, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் புண்ணைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் அப்பக் கூடாது. ஆழமான கடி, முகத்தில் கடி என்றால் புண்ணைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். அதிலும் ஒரு வகை குதிரை இரத்தத்திலிருந்தே வருகிறது. வெறி நோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆகையால் நடவு வேலை முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று கடைசி ஊசியைத் தள்ளிப்போடாமல், நான்கு தேதிகளையும் அன்றைக்கே காலண்டரில் சுழித்து வையுங்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும்கூட இந்த ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம்.